முட்டை எழும் அளவு

கோயம்பேட்டில் ஜூஸ் கடை மூடும் நேரத்துக்குக்
கோணியோடு போய் நிற்கிறேன்.
பிழிந்தெறிந்த சாத்துக்குடித் தோல், கிலோ இரண்டு ரூபாய்.
போன மாதம்வரை இலவசம்.
நான் இரண்டாம் முறை வந்ததும்
குப்பைக்கும் விலையுண்டென்று
கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

தரமணியில், மூன்றாம் மாடியில்,
ஏசி பழுதான ஆய்வகத்தில்
தோலை ஆவியில் வாட்டினால்
கோணிக்கு ஒரு தம்ளர் எண்ணெய்.
காசிமேட்டு மீன்பெட்டித் தெர்மகோலை
அதில் நனைத்தால் போதும்,
கோபம் தீர்ந்தவன்போலக் குழைந்து உட்கார்ந்துவிடும்.
பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவோம்.
கைதட்டிவிட்டு டீ குடிப்பார்கள்.

தெர்மகோல் சுலபம்.
மறைப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை.

பழைய டிவியின் முதுகு அப்படியல்ல.
தீப்பிடிக்காதிருக்க அதில் புரோமின் கலந்தவர்
திரும்ப எடுக்கும் வழியை
எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
கறுப்பைச் சேர்த்தவர் வேறொருவர்.
உருக்கினால் எல்லாம் சேர்ந்தே உருகும்,
அடுத்த பிறவியில் தோசைத் திருப்பியாகும்,
பிள்ளைகள் வாயில் வைக்கும்
பொம்மைக் காரின் சக்கரமாகும்.

கொடுங்கையூரில் அமலோற்பவம்
கல்லுப்பு கரைத்த நீலத் தொட்டி வைத்திருக்கிறாள்.
பெயருக்கு மாசின்றிப் பிறந்தவள் என்று அர்த்தமாம்,
கரி படிந்த கையைப் பாவாடையில் துடைத்தபடி
அவளே சொல்லிச் சிரித்தாள்.
உடைத்த துண்டுகளை அள்ளித் தொட்டியில் கொட்டுவாள்.
மிதப்பது நல்லது.
மூழ்குவது மருந்து போட்டது.

உப்பு எவ்வளவு என்று கேட்டேன்.
"முட்டயப் போட்டுப் பாரு மேடம்.
முட்ட எழுந்து வரணும். அவ்ளோதான்."

எங்களிடம் ஒன்பது லட்ச ரூபாய்க் கருவி ஒன்றுண்டு.
அவள் தொட்டியோடு ஒப்பிட்டோம்.
நூறு துண்டில் தொண்ணூற்றொன்று ஒத்துப்போனது.
மிச்ச ஒன்பதில் நான்கு
எங்கள் பிழை.

மூழ்கியதை என்ன செய்வாய்?
"இன்னா பண்றது, கறுப்போட கறுப்பா கலந்து குடுத்துருவோம்."

அந்த மூட்டையைத்தான் நான் வாங்கி வந்தேன்.
சாத்துக்குடி எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டி,
கரும்புச் சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால்
திரிந்த பால்போல் ஒதுங்கி வருகிறது பிளாஸ்டிக்.
மருந்தின் பெரும்பங்கு எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது.
பெரும்பங்கு.
அறிக்கையில் அந்தச் சொல்லை
மூன்று முறை அடித்து, மூன்று முறை எழுதினேன்.

நாள்பட்ட எண்ணெய் தோலைக் கடிக்கும்.
என் மணிக்கட்டில் சிவந்த தடிப்பு, வாட்ச் கட்ட முடியவில்லை.
பழத்திலிருந்து வந்ததுதானே என்கிறார் கணவர்.
எட்டியும் பழம்தான்.

சனிக்கிழமை அமலோற்பவம் வந்தாள்,
மூன்று பஸ் மாறி.
வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்:
"கல்யாண வூட்டு ஜூஸ் வாசன."
குடுவையின் அடியில் நின்ற பழுப்பைப் பார்த்தாள்.
"சரி, இத்த எங்க ஊத்துவ?"

ஊற்றமாட்டோம் என்றேன்.
எண்ணெயைக் காய்ச்சி மீட்போம், ஏழு முறை உழைக்கும்,
கடைசியில் தார்போல ஒரு கரண்டிதான் மிஞ்சும்.

"அந்த ஒரு கரண்டியத்தான் கேக்கறேன்."

கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவோம்.

"அங்க யாரு இருக்காங்க?"

ஏசி ஓடாத அறையில்
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
அலமாரியில் இருபத்திரண்டு புட்டிகள்,
என் கையெழுத்தில் இருபத்திரண்டு தேதிகள்.

போகும்போது வெள்ளைத் துகளில் ஒரு பிடி கேட்டாள்.
டிபன் பாக்ஸ் மூடியில் மடித்துக் கொடுத்தேன்.

இருபத்துமூன்றாவது புட்டிக்கு
லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.
பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ ஒரு பிள்ளையின் இருமல்.

"மெதக்குது மேடம், எல்லாம் மெதக்குது.
ஒண்ணே ஒண்ணு மட்டும்
நடுத்தண்ணில நிக்குது.
மேலயும் வர்ல, கீழயும் போல.
அத்த எந்தக் கூடையில போட?"